தட்டில் இல்லாத மாத்திரை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய், இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்பது அடுத்த வரி. அந்த வரியை இந்தத் தடவை எழுத மாட்டேன். உன் அப்பாவுக்குச் சுகமில்லை. அதில் பாதிக்கு நீ பொறுப்பு, மறுபாதிக்கு அவர். ஆஸ்பத்திரியில் திட்டு மட்டும் எனக்கு. இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். உன்னோடு பேசுகிற போன் அவர் சட்டைப்பையில் இருக்கிறது, நான் எடுத்தால் யாருக்கு யாருக்கு என்று கேட்டுக்கொண்டு பின்னாலேயே வருவார். தனியாகக் கிடைத்தாலும் நீ என்னைப் பேசவிட மாட்டாய், அம்மா நான் சொல்றதை முதல்ல கேளு என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே விழ முடியாது. தையல் கடையில், துணி வெட்டுகிற மேஜையில், முதலாளியம்மா வெளியே போயிருக்கிற நேரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அம்மாவுக்குக் கை நடுங்கியிருக்கிறது என்று உருகாதே. மேஜை கோணல். கை நடுங்கவில்லை. கோபமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கிருந்து தொடங்குவது. காற்சட்டையிலிருந்து தொடங்குகிறேன், அது எனக்குத் தெரிந்த விஷயம். போன வருஷம் உன் அப்பாவுக்கு நீ ஒரு மந்திரம் ஓதினாய். சோறு வேண்டாம், ரொட்டி வேண்டாம், பருப்பு வேண்டாம், காய் பழம் எதுவும் வேண்டாம், கறியும் முட்டையும் மட்டும் தின்னுங்க, சர்க்கரை தானா இறங்கும். இறங்கியது. இல்லையென்று சொல்ல மாட்டேன், நடந்ததை நடக்கவில்லை என்று சாதிக்கிற பழக்கம் எனக்கில்லை. சர்க்கரை இறங்கியது, எடையும் இறங்கியது. அவருடைய காற்சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து இடுப்பைப் பிடித்துத் தைத்தேன், கொஞ்ச நாளில் மறுபடியும் பிடித்தேன். சந்தோஷமாகத்தான் தைத்தேன். லிஃப்ட் ரிப்பேரில் அவரோடு வேலை பார்க்கிற பல்லியை உனக்கு நினைவிருக்கும், லிஃப்ட் குழிக்குள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஏறுவானே, அவன் ஒரு நாள் வீட்டு வாசலில் நின்று, அண்ணி, அண்ணன் மோட்டாரைப் பார்க்கிறதை விட்டுட்டு லிஃப்ட் கண்ணாடியையே பார்க்கிறார், எங்கேயாவது பொண்ணு பார்த்திருக்கீங்களா அவருக்கு என்றான். சிரித்தேன். இப்போது அதே காற்சட்டைகளின் கால் பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். கால் வீங்குகிறது. சாயங்காலம் வேலைவிட்டு வந்தால் கணுக்கால் எங்கே முடிகிறது, ஆடுசதை எங்கே தொடங்குகிறது என்று தெரிவதில்லை. இடுப்பில் பிடிப்பு, காலில் விரிப்பு. ஊசி பிடித்த நாளிலிருந்து இப்படி ஒரு உடம்புக்கு நான் தைத்ததில்லை.

அவருக்குக் கிட்னி ஏற்கெனவே பலவீனம் என்பது உனக்குத் தெரியும். தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த ரிப்போர்ட்டை அவர் படம் பிடித்து உனக்கு அனுப்பியபோது பக்கத்தில் நின்றேன். நீ சொன்ன பதிலையும் கேட்டேன். கறி தின்னா கிட்னி போகும்கிறது பழைய கதைப்பா, டாக்டருங்க இன்னும் அதையே ஒப்பிச்சிட்டு இருக்காங்க. அதைக் கேட்டுவிட்டு அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்த்தியா என் பிள்ளையை என்கிற பார்வை. நீ எந்தக் கல்லூரியில் வைத்தியம் படித்தாய் என்று எனக்கு எழுது. உன்னை நான் வைத்தியத்துக்குச் சேர்த்துவிட்டதாக ஞாபகம் இல்லை. உன் உடம்புக்கு அது ஒத்துக்கொண்டது, இளைத்தாய், தெளிந்தாய், எனக்கும் நிறைவுதான். உன்னுடையது ஓடுகிற கிட்னி. அவருடையது பாதி நின்றுபோன கிட்னி. ஓடுகிற மோட்டாருக்குச் சொல்கிற யோசனையைக் கருகின மோட்டாருக்குச் சொன்னால் உன் அப்பாவே உன்னை வேலையைவிட்டுத் துரத்துவார். இதில் மட்டும் அவருக்கும் அது தோன்றவில்லை. பிள்ளைப் பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள், இவருக்கு ரத்தப் பரிசோதனைக் காகிதத்தையே மறைத்துவிட்டது.

முதலில் அரிப்பு. கதவுச் சட்டத்தில் முதுகை வைத்து எருமை மாதிரி உரசுகிறார். பையிலிருக்கிற நீளமான ஸ்க்ரூடிரைவரைக் காலருக்குள் விட்டுச் சொறிகிறார், சட்டைக்குள்ளே கிழிசல், அதுவும் என் தலையில். சோப்பை மாற்றினேன், துணி துவைக்கிற தூளை மாற்றினேன், படுக்கை விரிப்பை வெந்நீரில் அலசினேன். பிறகு எலும்பு வலி என்றார். பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள். பாஸ்பரஸ் ஏறிக்கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதற்கென்றே ஒரு பொண்ணு இருக்கிறாள், உன்னைவிடச் சின்னவள், பொறுமைசாலி. கறியில் முட்டையில் பால்கட்டியில் எல்லாவற்றிலும் அது உண்டு, நல்ல கிட்னி வேண்டாததை வெளியே தள்ளிவிடும், ஐயாவோடது தள்ளவில்லை, ரத்தத்திலேயே தங்குகிறது, தங்கினால் எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவும், உருவினது ரத்தக்குழாயில் போய்ப் படியும் என்றாள். அப்பா உடனே, உப்புத்தண்ணி ஓடுற குழாய் மாதிரின்னு சொல்லுங்க என்றார். புரியாமல் இல்லை அவருக்கு. எல்லாம் புரிகிறது. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

அந்தப் பொண்ணு சொன்ன முக்கியமான ஒன்றை இங்கே எழுதுகிறேன், நன்றாகப் படி. கறியை விடச் சொல்லலைம்மா என்றாள். நீ நினைப்பது போல உன் அப்பாவைப் புல் தின்ன வைக்க யாரும் சதி செய்யவில்லை. ஒரு வேளைக்கு உள்ளங்கை அளவு. சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம் சமைக்க வேண்டும். எலும்பு சூப் கூடாது. ஈரல் மாதிரி உள்ளுறுப்புகள் கூடாது. முட்டையில் வெள்ளை போதும். மிச்ச வயிற்றுக்குச் சோறு, அவருக்கு ஆகும் என்று அவள் சொல்லிக்கொடுத்த காய்கள். உன் அப்பா கையை விரித்து மேஜைமேல் வைத்து, உள்ளங்கைன்னா எந்த உள்ளங்கைம்மா, என்னோடதா உங்களோடதா என்று கேட்டார். அவர் கை தோசைக்கல் அகலம். அவள் சிரித்துவிட்டு, ஐயாவோடதுதான், ஆனா விரலைச் சேர்க்காம என்றாள். நான் சிரிக்கவில்லை. அந்த விரல்களையும் சேர்த்துக்கொண்டுதான் வீட்டில் தின்றுகொண்டிருந்தார்.

டின்னில் பாக்கெட்டில் வருகிற கறி கூடவே கூடாது என்றாள். அதில் சாறு இறங்காமல், கெடாமல் இருக்கப் போடுகிற பாஸ்பேட் மற்றதைவிடச் சுளுவாக ரத்தத்துக்குள் போய்விடுமாம். நீ அனுப்பின பெட்டி ஞாபகம் வந்தது. ஆசையாக அனுப்பினாய், அவரும் பொக்கிஷம் மாதிரி அலமாரியில் அடுக்கி, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டினார். ஒரு டின்னை எடுத்துப் போய் அவளிடம் நீட்டினேன். பின்பக்கத்துப் பொடி எழுத்தை அவள் நகத்தால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். இருந்ததை எல்லாம் பல்லியிடம் கொடுத்துவிட்டேன். அவன் கல்லைத் தின்றாலும் கரைப்பான். இனிமேல் ஒரு டின் இந்த வீட்டு வாசல் ஏறக் கூடாது. ஏறினால் உன் பெயர் எழுதித் திருப்பி அனுப்புவேன். எலும்பு விஷயமும் அப்படித்தான். எலும்பு சூப் மூட்டுக்கு நல்லதுப்பா என்று நீ எப்போதோ சொன்னாய், கசாப்புக்கடைக்காரர் குளிர்பெட்டியை இவர் சரிசெய்து கொடுத்த நன்றிக்கு அவர் பை பையாக எலும்பு தருகிறார். இனிமேல் வேண்டாம் என்று சொல்லப் போனேன். என்னம்மா, வீட்ல சண்டையா, அண்ணனுக்கு எலும்பைக்கூட விட மாட்டேங்கிறீங்களாமே என்று கடையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். எலும்பைக் கேட்டு வந்து நிற்கிறவள்தான் உண்டு, வேண்டாம் என்று சண்டை போட்ட ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது. இந்தத் தெருவில் இப்போது நான் புருஷனைப் பட்டினி போடுகிறவள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். கறியை வெட்டினேன், வேகவைத்தேன், தண்ணீரைக் கொட்டினேன். கொட்டும்போது வாசனையெல்லாம் சாக்கடையோடு போகிறது என்று முணுமுணுப்பார். கூடவே ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். வெள்ளை, பெரியது, கடித்து மெல்ல வேண்டும், சாப்பாட்டோடு சாப்பாடாக. அது வயிற்றில் கறியோடு கலந்து அங்கேயே பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுமாம். திருடன் நுழைகிற நேரத்தில் வாசலில் நிற்கிற காவல்காரன். அட்டை அட்டையாகக் காலியானது. நானும் நம்பியிருந்தேன். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஏறியிருந்தது. குறையக்கூட இல்லை, ஏறியிருந்தது. டாக்டர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வீட்ல என்னதாம்மா சமைக்கிறீங்க. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. கறி வெந்த தண்ணீரை வீணாகக் கொட்டிக்கொண்டிருக்கிற நான், தெருவில் பெயர் கெட்டுப்போன நான், அங்கேயும் திட்டு வாங்கினேன்.

டாக்டர் சொன்னதைச் சொல்கிறேன். கிட்னியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதைக் காப்பாற்றினால் நாள் தள்ளலாம். இப்படியே போனால் டயாலிசிஸ்தான், அதற்கு முன்னாலேயே இடது கையில் இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்துத் தயாராக வைக்க வேண்டியிருக்கும், அந்தக் கையால் அப்புறம் பாரம் தூக்கக் கூடாது. தையல் எனக்குப் புதிதில்லை, ஆனால் இது நான் பிரித்துத் திருத்த முடியாத தையல். உன் அப்பா இடது கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வலது கையால் வேலை பார்க்கிறவர். அந்தக் கை போனால் அவர் வீட்டில் உட்கார வேண்டியதுதான். வீட்டில் உட்கார்ந்த உன் அப்பாவை நினைத்துப் பார். என்னால் முடியவில்லை. வெளியே வந்து லிஃப்ட்டுக்காக நிற்கும்போது, மெஷினைத் திருத்துறவனைப் பிடிச்சு மெஷின்ல மாட்டப் போறாங்களாம் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். லிஃப்ட் வந்தது, ஏறவில்லை. கதவு மூடிப் போய்விட்டது. படியில் இறங்கினோம்.

படியில் அந்தப் பொண்ணு பின்னாலேயே ஓடி வந்தாள். அம்மா, மாத்திரை எப்ப சாப்பிடறார்னு நீங்க பார்த்திருக்கீங்களா. தவறாமல் சாப்பிடுகிறார் என்றேன். எப்பன்னு கேட்டேன்மா என்றாள். அப்போதுதான் உறைத்தது. மதியம் நான் கடையில் இருப்பேன். கறி தின்பது மதியம்தான். மறுநாள் முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தேன். மேஜையில் தண்ணீர்க் கூஜாவில் போனைச் சாய்த்து வைத்திருந்தார், அதில் நீ. அவருக்கு மதியச் சாப்பாடு, உனக்கு அந்த நாட்டில் காலைச் சாப்பாடு. தட்டை எடுத்து உனக்குக் காட்டுகிறார், நீ உன்னுடையதைக் காட்டுகிறாய். சபாஷ்ப்பா என்கிறாய். இரண்டு பேரும் மெல்லுகிறீர்கள். நான் சமையலறைக் கதவோரம் நின்றேன், உன் பார்வைக்கு எட்டாத இடம். சட்டைப்பையில் மாத்திரை அட்டையின் முனை துருத்திக்கொண்டிருக்கிறது. தொடவேயில்லை. நீ போனை அணைத்தாய். தட்டைக் கழுவினார், கொஞ்ச நேரம் கண்மூடிச் சாய்ந்தார், வேலைக்குக் கிளம்பி செருப்பை மாட்டுகிறபோது மாத்திரையை வாயில் போட்டு மென்றார். திருடன் மூட்டையோடு தெருவைத் தாண்டிப் போய்விட்டான். இவர் அப்புறம் காவல்காரனை எழுப்புகிறார். தினமும் இதுதான் நடந்திருக்கிறது.

சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். சாப்பிடும்போது சாப்பிட வேண்டிய மாத்திரையை ஏன் இப்போ சாப்பிடறீங்க, புத்தி எங்கே போச்சு என்றேன். மாட்டின செருப்பைக் கழற்றினார். அப்புறம் சொன்னார். அவன் பார்த்தா என்ன நினைப்பான், நான் சொன்னது பலிக்கலை, அப்பா மாத்திரைக்குப் போயிட்டார்னு நினைப்பான், முகம் சுருங்கிடும், அந்த முகத்தை நான் போதும் போதும்னு பார்த்துட்டேன். மாத்திரையெல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம் என்று நீ ஒரு நாள் சொன்னாயாமே. நீ சொல்லி மறந்திருப்பாய். அவர் மறக்கவில்லை. ஆறு மாடி உயரத்தில் ஒரு கம்பியில் தொங்குகிற மனுஷன், பெற்ற மகனுக்குப் பயந்து மாத்திரையை ஒளித்துவைக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர்மேல் பாதி, உன்மேல் பாதி என்று மேலே எழுதினேன். இந்த இடத்தில் எவ்வளவு யார்மேல் என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

அந்த முகம் எது என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ குண்டு. அவர் வேலை பார்க்கிற கட்டடத்துக்கு உன்னைக் கூட்டிப்போனால், நீ லிஃப்ட்டில் கால் வைத்ததும் வாயாலேயே பாரம் கூடின மணி மாதிரி சத்தம் போடுவார். மூட்டை ஏறிடுச்சு, எல்லாரும் இறங்குங்க. கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். நீ முகம் சுருங்கி வெளியே வந்து நிற்பாய். நீ வளர்ந்து, இந்த வீட்டைவிட்டுப் போய், எத்தனையோ வருஷம் அவரோடு நல்லாயிருக்கீங்களா நல்லாயிருக்கேன் என்பதற்கு மேல் பேசாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கறியைப் பற்றி நீ பேச ஆரம்பித்த அன்றுதான் அவருக்கு உன்னிடம் பேச ஒரு வாசல் கிடைத்தது. நீ சொன்னதுதாண்டா சரி என்று தினமும் உன்னிடம் சொல்லுகிறாரே, அது கறியைப் பற்றி மட்டும் சொல்லுகிறது இல்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வராது. தட்டைத் தூக்கிக் காட்டுகிறார். அது தெரிந்ததால்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்காக அவர் கிட்னியைக் கொடுக்க நான் தயாராக இல்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு வேண்டுமென்றால் பேச்சை வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஆகவே நான் சொல்வதைச் செய். கெஞ்சவில்லை, சொல்கிறேன். அவர் தட்டைக் காட்டும்போது சபாஷ் போடாதே. மாத்திரை எங்கேப்பா என்று கேள். தட்டில் ஓரமாக அந்த வெள்ளை மாத்திரை தெரிய வேண்டும், கறிக்கு நடுவில் நீ பார்க்க அவர் அதைக் கடித்து மெல்ல வேண்டும், மென்று முடிகிறவரை நீயும் வாயில் எதையும் வைக்காதே. கறி உள்ளங்கைக்கு மேல் இருந்தால், விரலைச் சேர்க்காம என்று சொல், அவருக்குப் புரியும். பக்கத்தில் காயும் சோறும் இருந்தால் முகத்தைச் சுளிக்காதே. அம்மா சொன்னாள் என்று சொல்லாதே, நான் சொன்னால் காற்றோடு போகும். நீயாகப் படித்துத் தெரிந்துகொண்ட மாதிரி சொல். கிட்னி கெட்டவங்களுக்கு வேற கணக்குப்பா, நான்தான் சரியாப் பார்க்கலை என்று சொல். சொல்லும்போது உன் வாய் கொஞ்சம் கசக்கும். கசக்கட்டும், உப்பு குறைத்து நான் சமைப்பதை அவர் தின்கிறார் இல்லையா. அதற்குப் பிறகு கறியை விட்டு வேறு ஏதாவது கேள். எந்தக் கட்டடத்தில் வேலை, எந்த மோட்டார் மக்கர் பண்ணுகிறது என்று கேள். பல்லி போன வாரம் குழிக்குள் விழுந்த பூனையைத் தூக்கப் போய்க் கடி வாங்கின கதை அவரிடம் இருக்கிறது, கேட்க ஆள் இல்லாமல் என்னிடமே மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முதலாளியம்மா வந்துவிட்டாள், முடிக்கிறேன். குளிர் காலத்தில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. உன் கிட்னியையும் ஒரு தடவை பரிசோதித்துக்கொள், அப்பன் உடம்பு உனக்கும் உண்டு. உன் இடுப்பளவை எப்போதாவது போனில் அப்பாவிடம் சொல்லி வை, என்னிடம் இருப்பது நீ வீட்டைவிட்டுப் போனபோது எடுத்த அளவு, அது இப்போது உனக்கு இரண்டு ஆள் நுழைகிற மாதிரி இருக்கும். எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும், நான் எவ்வளவு திட்டினாலும் அதுதான் என் வேண்டுதல். இதற்குப் பதில் எழுதாதே. நான் இப்போது மதியம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன், சமையலறைக் கதவோரம்தான் நிற்பேன். ஒரு நாள், நீ போனில் இருக்கும்போதே, போனை அணைக்காமலே, அவர் உள்ளே பார்த்து ஏய் அந்த மாத்திரை அட்டையை எடுத்துட்டு வா என்று என்னைக் கூப்பிடுவார். கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்ததென்று அப்போது தெரிந்துகொள்வேன்.

கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா